ஹெலிகாப்டருக்கு எதிராக ஜெபராஜ்

வேலூர் வானத்தில் இனி ஒன்று அந்த ஹெலிகாப்டர் இருக்க வேண்டும், அல்லது தான் இருக்க வேண்டும் என்று ஜெபராஜ் முடிவு செய்தார். அவர் வானத்துக்குப் போனதே கிடையாது. பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனாலும் முடிவு முடிவுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினமும் டெல்லி அப்பளமும் வருஷா வருஷம் வருகிறவை. அந்த வருஷம் புதிதாக ஒரு கம்பெனி ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து இறக்கியது. டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டையையும் அகழியையும் அதன் ஓரத்துப் பூங்காவையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடும். பூங்காவில் காற்று வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அங்கே குடியிருந்த கிளிகள் ஊரையே காலி செய்துவிட்டன.

ஜெபராஜுக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. தோலைத் தரம் பிரிப்பவர். விரலால் தடவியே ஓட்டை எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று சொல்லிவிடுவார். உலகத்தில் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு அதில் வந்ததுதான். வாரம் முழுக்க விடியுமுன் ரயில் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போய்வந்து, கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கம் போனால் திங்கட்கிழமை நல்ல தோலும் கெட்ட தோலும் ஒன்றாகத்தான் தெரியும். வேலைக்கே ஆபத்து.

அந்தத் தூக்கத்தின் தலையில்தான் ஹெலிகாப்டர் வந்து விழுந்தது. அவர் கட்டிலைவிட்டு எழுந்து உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி இன்பம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தோட்டப்பாளையத்து வீட்டில் பாதிக்கு மேல் அவளுடைய நைட் டூட்டிச் சம்பளத்தில் எழும்பியது.

"ஏங்க, ஒரே ஒரு தரம் அதுல ஏறிப் பாக்கலாங்களா?"

"எதுக்கு?"

"நம்ம வூட்ட மேலேர்ந்து பாக்கணும். கட்டி முடிச்சதுலேர்ந்து வாசல்ல நின்னா ஒரு துண்டு, கொல்லையில நின்னா ஒரு துண்டுன்னுதான் பாத்திருக்கேன். முழுசா ஒரு தரம் பாக்கணும்."

"மேலேர்ந்து பாக்கணும்னா மாடிப்படி இருக்குதே. ஏறிப் பாரு."

இன்பம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது வார்டில் டாக்டர்களுக்கே தெரியும். கட்டிய கணவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் வைத்து, போதகர் ஐயர் உட்பட எல்லோர் காதிலும் விழும்படி ஜெபராஜ் சபதம் போட்டார். அந்த ஹெலிகாப்டரை அடக்கிக் காட்டுவேன், என் வீட்டிலிருந்து ஒருத்தரும் அதில் கால் வைக்க மாட்டார்கள் என்றார். போட்ட கையோடு மைதானத்துக்குப் போனார். டிக்கெட் கவுண்டரில் காசிநாதன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"உங்க தெரு எங்க ரூட்டுலயே இல்ல சார்."

"அப்ப என் தலைக்கு மேல பறக்கறது இன்னா, காக்காயா?"

"சத்தம் வரும் சார். ஹெலிகாப்டர் வராது. வருதுன்னா மேலேர்ந்து பாத்த சாட்சி ஒருத்தரக் கூட்டியாங்க. ரூட்ட மாத்திடறோம்."

ஜெபராஜ் பேஜாராகி வீடு திரும்பினார். இன்பம் காபி கொடுத்தாள்.

"ஏங்க, தோல் அடுக்கி வெச்ச குடோன்ல பக்கத்துல நின்னு கத்துனாக்கூட கேக்காதுன்னு சொல்வீங்களே?"

"ஆமா. தோல் சத்தத்த அப்படியே முழுங்கிடும்."

"அப்ப கழிச்சுப்போட்ட தோல் கொஞ்சம் கொண்டாந்து மாடி மேல விரிச்சா?"

ஜெபராஜ் காபியைக் கீழே வைத்தார். இந்த யோசனை தனக்கு வராமல் இவளுக்கு எப்படி வந்தது என்று ஒரு கணம் வருத்தம். அடுத்த கணமே அது அவருடைய யோசனையாகிவிட்டது. சனிக்கிழமை கம்பெனி வேனில், குரோம் ஏற்றிய கழிவுத் தோல்கள் வந்து இறங்கின. பதமாகும்போதே வானத்து நீலம் ஏறிவிடும் தோல் அது. மாடி முழுக்க இடைவெளி இல்லாமல் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தார். பக்கத்து வீட்டு சுகரா பேகம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், நாத்தம் ஜாஸ்தியா இருக்குது?"

"சத்தம் கம்மியாவணும்னா பொறுத்துக்கணும்மா."

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வெற்றி வீரனாகப் படுத்தார். ஹெலிகாப்டர் வந்தது. இத்தனை நாள் தூரத்தில் கேட்ட சத்தம் இப்போது நேராகக் கட்டிலுக்கு மேலே நின்றது. அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். ஹெலிகாப்டர் அவர் வீட்டைத்தான் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவர் குடையை ஓங்கினார். உள்ளே இருந்தவர்கள் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். காற்றில் குடை கவிழ்ந்தது. லுங்கியும் கிளம்பப் பார்த்தது. குடையை விட்டுவிட்டு லுங்கியைப் பிடித்தார். அன்று சாயங்காலம் வரை இதே கதை.

கீழே வந்ததும் அவருடைய உறுதி இரண்டு மடங்காகியிருந்தது.

"சாட்சிதானே வேணும்? நீ ஏறிப் போய்ப் பாத்துட்டு வா, இன்பம்."

"நானா? வூட்லேர்ந்து ஒருத்தரும் கால் வெக்கக் கூடாதுன்னு சர்ச்சு வாசல்ல சொன்னீங்க. நான் மாட்டேன்ப்பா. நீங்களே போங்க."

"எனக்குக் காது வலி."

"காலையில வரைக்கும் நல்லாதான இருந்துச்சு?"

"சாட்சிக்குப் போறது சவாரியில சேராது. சொன்னாக் கேளு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

இன்பம் வெகுநேரம் யோசித்தாள். ஜெபராஜ் கெஞ்சினார். கடைசியில், "ஒரு சாட்சிய எவன் நம்புவான்? அதுவும் பொண்டாட்டி சாட்சிய? சுகராவையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த ஞாயிறுக்கு இரண்டு டிக்கெட்டையும் ஜெபராஜே வாங்கினார்.

இன்பம் கிறிஸ்துமஸ் பட்டுப்புடவையில் வந்தாள். ஏனென்று கேட்டதற்கு, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகிறவர்கள் கிழிசலா கட்டுவார்கள் என்றாள். இரண்டு கைப்பைகளையும் அணைத்துக்கொண்டு ஜெபராஜ் பூங்கா வேலி ஓரம் நின்றார். ஹெலிகாப்டர் கோட்டையைத் தாண்டி நேராக அவர் தெருவை நோக்கிப் போனது. மாட்டிக்கொண்டான் காசிநாதன் என்று நிம்மதியாக இருந்தது.

இறங்கி வந்த இன்பத்தின் முகத்தை அவர் கல்யாணத்தன்றுகூட இப்படிப் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. சுகரா பேகம் அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"சொல்லு இன்பம். நம்ம வூட்டு மேல வந்துச்சா இல்லியா?"

இன்பம் வாயைத் திறப்பதற்குள் காசிநாதன் கவுண்டரிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"நர்சம்மா, நல்லாப் பாத்தீங்களா? நீங்க வெச்ச அடையாளம் பிரமாதம்னு பைலட் சொல்றாரு. போன வாரம் ஒத்திகை பாக்கப் போனாரு, ஏறுனவங்களுக்கெல்லாம் புடிச்சிப் போச்சு. நீலக் குளத்து வூடுன்னு கேட்டு வர்றாங்க."

"அடையாளமா?" என்றார் ஜெபராஜ்.

"ஆமா சார். நர்சம்மா டூட்டி முடிஞ்சி வந்து, எங்க வூட்டு மேல ஒரு சுத்து வருவீங்களான்னு கேட்டாங்க. மேலேர்ந்து பாத்தா எல்லா மாடியும் ஒண்ணுதாம்மா, எதுனா அடையாளம் வெச்சா வர்றோம்னு சொன்னோம். நர்சம்மா, இவரு உங்க வூட்டுக்காரரா?" என்று அப்போதுதான் ஜெபராஜை உற்றுப் பார்த்தார். "மாடியில குடையோட நின்னாருன்னு பைலட் சொன்னது உங்களத்தானா சார்?"

ஜெபராஜ் மனைவியைப் பார்த்தார்.

"தோல் சத்தத்த முழுங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று இன்பம் தன் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே அத்தனை தோலையும் ஜெபராஜ் தனியாளாகச் சுருட்டிக் கீழே இறக்கினார். அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஹெலிகாப்டர் அவர் தெருப் பக்கமே வரவில்லை. தூக்கமும் வரவில்லை. அவள் கண் கலங்கி இறங்கி வந்ததே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவரும் அந்த வீட்டுக்குச் செங்கல் எண்ணி இறக்கியவர்தான். புரண்டு புரண்டு பார்த்தார். கடைசியில் எழுந்து சமையற்கட்டு வாசலில் போய் நின்றார்.

"இன்பம், மேலேர்ந்து நம்ம வூடு எப்படி இருந்துச்சி?"

இன்பம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாடிப்படி இருக்குதே. ஏறிப் பாருங்க."