அத்தையின் முதுகும் பின்சக்கர ஸ்பிரிங்கும்

ரியெக்கா,
அக்டோபர் கடைசி ஞாயிறு

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய ஸ்வோன்கோ மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் நெவென்கா எழுதுவது. கார்லோவாட்ஸில் நீங்களும் மாமியும் நலம் என்று நம்புகிறேன். மாமியின் முழங்கால் புது மருந்துக்குப் பணிந்திருக்கும், உங்கள் பழைய கார் வியாபாரத்துக்கும் பேரம் பேசாத வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருப்பார்கள். இங்கே நானும் நலம், என் கணவர் டிராஷெனும் நலம். என் மாமியார் டோன்கா அத்தையின் முதுகு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது அவருடைய சொந்த விஷயமாயிற்றே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வரும் சனிக்கிழமை நீங்கள் வந்து என் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா வேண்டாமா என்பது அந்த முதுகின் கையில்தான் இருந்தது.

டிராஷென் உங்களுக்குப் போன் செய்து, நெவென்கா காரை விற்க ஒத்துக்கொண்டாள் என்று சொன்னாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த நேரம் என் வாயில் சூப் இருந்தது. நடந்தது இதுதான். கிரோப்னிக் பந்தயத் தடத்தில் எங்கள் சங்கத்தார் மாதம் ஒருநாள் கூடி, போட்டியும் பரிசும் இல்லாமல் அவரவர் காரை அவரவர் ஆசைதீர விரட்டிப் பார்ப்போம் அல்லவா, அங்கே கோடையில் என் காரின் பின்பக்க ஸ்பிரிங் ஒன்று உடைந்தது. கார் சின்னதுதான், ஆனால் அதைவிடப் பெரிய காருக்குச் செய்த இன்ஜினை யாரோ தவறுதலாக அதில் வைத்துவிட்டதுபோல இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், எனக்கு அதை விற்றவரே நீங்கள்தான். உடைந்தால் புது ஸ்பிரிங் போட்டாக வேண்டும். எதைப் போடுவது? மெத்தென்று பழைய மாதிரியே போட்டால் வளைவுக்கு வளைவு கார் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல ஒருபக்கமாகச் சாயும், முன்சக்கரங்கள் நான் காட்டும் திசையை விட்டு வெளியே போகும். கடினமானதைப் போட்டால் தடத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் ஊர்ச் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஊர்ச் சாலையில்தான் ஞாயிறு தோறும் டோன்கா அத்தையைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மலை தாண்டி லீக்காவில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறோம். வசந்தத்திலிருந்து அத்தை எங்களோடுதான் இருக்கிறார்.

"எந்த ஸ்பிரிங் வேணாலும் போட்டுக்கோ," என்றார் டிராஷென், சாப்பாட்டு மேசையில், நியாயஸ்தரைப் போல. "ஆனா அம்மா அதுல ஒரு தடவை உக்காந்து வரட்டும். முதுகு வலிக்குதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா, வண்டிய ஸ்வோன்கோ மாமாகிட்ட குடுத்துட்டு நீளமான குடும்ப வண்டியா ஒண்ணு வாங்கிடலாம். சரியா?"

நான் சூப்பை விழுங்கி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

மாமா, நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே என்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. நகரத்தின் குடிநீர் ஆய்வகத்தில் என் வேலை, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. நீரில் நிறம் இல்லை, மணம் இல்லை, கிருமி இல்லை என்று நாள் முழுக்க இல்லைகளாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல வேலைதான், பெருமையும் உண்டு. ஆனால் அந்தத் தடத்தில் மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஏதோ ஒன்று நடக்கிறது, அதை நடத்துவது என் இரண்டு கைகள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறேன் என்றாலும் எங்கோ போய்வந்த முகம் எனக்கு. டிராஷென் கெட்டவர் இல்லை, அவருக்கு அந்த முகம் பிடிக்கும்கூட. அம்மாவின் முதுகு அதைவிடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே நான் ஃபபியானிடம் போனேன். ஃபபியான் பல் டாக்டர், எங்கள் சங்கத்தில் சஸ்பென்ஷன் பற்றிய எல்லாச் சந்தேகங்களுக்கும் அவரைத்தான் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் அவர் சொல்வார். "ஸ்பிரிங்கும் பல்லும் ஒண்ணுதான் நெவென்கா," என்றார். "வலி ஒரு இடத்துல இருக்கும், குறை இன்னொரு இடத்துல இருக்கும். முன்சக்கரம் வெளிய ஓடுதுன்னா பின்னாடிதான் கடினமாக்கணும். எவ்வளவு கடினம்னு கண்ணால சொல்லக் கூடாது, எடை போட்டுச் சொல்லணும்." தன் கராஜில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எடைப் பலகைகளை வைத்து, என்னை ஹெல்மெட்டோடு உள்ளே உட்காரவைத்து, ஓட்டும் நிலையில் கார் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லி, என் கைப்பையை வெளியே எடுத்தார், குடையை எடுத்தார், கதவுப் பையில் கிடந்த சில்லறையைப் பொறுக்கி எடுத்தார், கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு பின்சக்கரப் பலகைகளைப் பார்த்து விசில் அடித்தார்.

"இந்த வண்டிக்குப் பின்பாரம் இவ்வளவா? கையேட்டுல போட்டிருக்கறது சுத்தப் பொய். நல்லவேளை எங்கிட்ட வந்த."

அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வரவழைத்து அவரே மாட்டிக் கொடுத்தார். மாட்டி இறக்கியபோது காரின் பின்பக்கம் வாத்தைப் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளில் தானாக உட்கார்ந்துவிடும் என்றார் ஃபபியான். டிராஷென் வீட்டு வாசலில் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்ன, எதையாவது தொலைச்சுட்டு குனிஞ்சு தேடுதா?" என்று கேட்டார்.

நேற்றுதான் சோதனை நாள். உதிரிச் சக்கரங்களையும் கருவிப் பெட்டியையும் பின்னால் அடைத்துக்கொண்டு நான் தனியாகக் கிரோப்னிக்குக்கு ஏறினேன்; மலைச் சாலையில் கார் வெண்ணெய் மாதிரி போயிற்று, மனதுக்குள் ஃபபியானுக்குச் சிலை வைத்தேன். டிராஷென் தன் அலுவலக வேனில் அத்தையையும் ஒரு பானை பீன்ஸ் கஞ்சியையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார், திரும்பும்போது அத்தை என்னோடு வருவது என்று ஏற்பாடு. தடத்தில் இறங்குமுன் விதிப்படி எல்லாவற்றையும் வெளியே இறக்கி வைத்தேன். முதல் சுற்றிலேயே, நீண்ட வலப்பக்க வளைவில், பின்பக்கம் கொஞ்சம் குதித்தது. நான் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். உடனே காரின் பின்பக்கம் முன்பக்கத்தைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. வானம், மலை, மரவேலி, மறுபடி வானம் என்று எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்துபோய், கடைசியில் ஜல்லிக்குள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றேன். எனக்கும் காருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினால், ஃபபியான் ஓடி வருகிறார்.

"என்ன பண்ணின?"

"காலை எடுத்தேன்."

"வளைவுல யாராவது காலை எடுப்பாங்களா?"

"பயந்தா எடுப்பாங்க."

அவர் மண்டியிட்டுப் பின்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். தூக்கிக்கொண்டு நிற்கும் வாத்தை ஓர் அமுக்கு அமுக்கினார், அது அசையவில்லை. மெல்ல எழுந்து, நோயாளியிடம் கேட்பதுபோல மிருதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு எடை போட்டப்போ டிக்கியில என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லையே," என்றேன். மனசாரச் சொன்னேன்.

"ஒண்ணுமே இல்லையா?"

"உருளைக்கிழங்குதான் இருந்தது."

ஃபபியான் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊறுகாய் போடற முட்டைக்கோஸும்," என்றேன், விஞ்ஞான உணர்வோடு.

"எவ்வளவு?"

"குளிர்காலத்துக்கு."

மாமா, உங்களுக்குப் புரியும். அக்டோபரில் நம் வீடுகளில் டிக்கி என்பது காரின் பகுதி இல்லை, நிலவறையின் பகுதி. லீக்காவிலிருந்து மூட்டைகள் வந்தன, டிராஷென் நிலவறைக்கு வெள்ளையடித்து அது காயவில்லை, எடை போட்ட அன்று மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன; ஸ்பிரிங் வருவதற்குள் சுவர் காய்ந்து அவை நிலவறைக்கு இறங்கிவிட்டன. மீன் தொட்டியில் நீர் இருப்பதை யாராவது கவனிக்கிறார்களா? வாசனை அட்டையை எடுத்த ஃபபியான் டிக்கியைத் திறக்கவில்லை, ஆய்வகத்தில் சோதனைக் குழாயை மூன்று முறை கழுவும் நானும் திறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் குளிர்காலச் சாப்பாட்டுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

டிராஷென் முகத்தில் அப்போதே குடும்ப வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தைதான் பானையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ மூட்டைய திரும்பப் பின்னாடி வச்சுட்டா வண்டி ஒழுங்காப் போகுமா?" என்று கேட்டார்.

"தடத்துல மூட்டை ஏத்தக் கூடாது அம்மா," என்றார் ஃபபியான். "மதியம் குடும்பத்தோட சுத்தறதுக்கு அரைமணி விடுவாங்க. அப்போ பின் சீட்டுல பெல்ட் போட்டு ஆள் உக்காரலாம், அவ்வளவுதான்."

சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அத்தை ஒல்லியானவர் இல்லை, மாமா. என் கல்யாணத்தில் அவரோடு ஆடிய நீங்களே அதற்குச் சாட்சி. எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்னை எதுக்குடா எல்லாரும் அளக்கறீங்க?" என்றார் அத்தை.

டிராஷென்தான் அவசரப்பட்டார். "ஏறுங்கம்மா. இங்கயே தெரிஞ்சுடும். எதுக்கு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்?"

இருந்ததிலேயே பெரிய ஹெல்மெட்டை அத்தைக்கு மாட்டினோம். வழக்கம்போலப் பின்னிருக்கையின் நடுவில், இரு பக்கமும் சாலை தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். வாத்து உட்கார்ந்தது. நிஜமாகவே உட்கார்ந்தது, கார் வாசல்படி போல மட்டமாக நின்றது. முதல் சுற்று மெதுவாக, முட்டை ஏற்றிப் போவதுபோலப் போனேன். இரண்டாவதில் அந்த வலப்பக்க வளைவு வந்தபோது காலை எடுக்கவில்லை. கார் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் வெளியே வந்தது. இத்தனை வருடத்தில் அது என்னோடு அப்படிப் பேசியதில்லை. மூன்றாவதில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மட்டும் சத்தமே இல்லை. கண்ணாடியில் ஒரு வெள்ளை ஹெல்மெட், அவ்வளவுதான். காற்று ஜன்னல் வழியே கொஞ்சம் புகுந்தாலே கழுத்து பிடித்துக்கொண்டது என்று புகார் சொல்பவர் அத்தை. முடிந்தது, சனிக்கிழமை ஸ்வோன்கோ மாமா வருவார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே திரும்பினேன்.

டிராஷென் கதவைத் திறந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே முகம் செக்கச் சிவந்திருந்தது.

"முதுகு எப்படிம்மா இருக்கு?" என்றார் டிராஷென், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"முதுகு கிடக்கட்டும்." அத்தை அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். "அந்த நீல வண்டிக்காரனை எதுக்கு முன்னாடி போகவிட்ட?"

"அவங்க வேகமா வந்தாங்க அத்தை, வழி விடறதுதான் இங்க மரியாதை."

"மரியாதையை வீட்டுல காட்டு. கஞ்சி ஆறிடும், சாப்பிட்டுட்டு மறுபடி போலாம்."

மறுபடி போனோம். நேரம் முடிந்துவிட்டது என்று கொடிக்காரர் சொன்ன பிறகும் அத்தை இறங்க மறுத்து அவரோடு வாதாடினார். வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லத்தான் செய்தது, அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். சரியான ஸ்பிரிங் மாற்றித் தருகிறேன் என்று ஃபபியான் வெட்கத்தோடு சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். காலியான காருக்கு ஸ்பிரிங் தேடியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. யோசித்துப் பார்த்தால், என்னிடம் அந்தக் கார் ஆண்டு முழுக்க எத்தனை நாள் காலியாக இருந்திருக்கிறது?

ஆகவே மாமா, சனிக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். கார் விற்பனைக்கு இல்லை. டிராஷென் தோற்றதை ஏற்றுக்கொண்டு இன்று காலை முழுக்கக் காரில் ஒட்டிய ஜல்லியைக் கழுவி எடுத்தார், பாவம். மாமிக்கு என் அன்பும் அத்தையின் விசாரிப்பும். உங்கள் ஆசி என் நான்கு சக்கரங்களுக்கும், குறிப்பாகப் பின் இரண்டுக்கும் என்றும் இருக்கட்டும்.

உங்கள் பிரியமுள்ள
நெவென்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அத்தைக்கு இதை வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார். சனிக்கிழமை நீங்கள் அவசியம் வர வேண்டுமாம், காரையும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். ஸ்பிரிங்கில் குறையே இல்லை, இன்ஜின்தான் போதவில்லை என்கிறார். நீலக் காரை முந்தக்கூடியதாக ஒன்று உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள். பின்னிருக்கை அகலமாக இருக்க வேண்டும், நிறம் எதுவானாலும் சரி. புதுக் காருக்கு என்ன ஸ்பிரிங் போடுவது என்று இப்போதே ஃபபியானோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு வழியே கேட்கிறது: ஃபபியான் மெத்தென்றதைப் போடலாம் என்று கெஞ்சுகிறார், அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.