நோயற்ற பூவேரிப்பாக்கம்

பிரவீனாவுக்குச் சுகாதாரக் கொள்கை வகுக்கும் வேலை கிடைத்த அன்று, அவளுடைய அப்பா சாமுவேல் ஓரிக்கையில் தன் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனார்.

"பொண்ணு டாக்டராப்பா?"

"டாக்டருங்க என்ன பண்ணணும்னு சொல்றவ."

அப்படியென்றால் என்ன வேலை என்று யாருக்கும் விளங்கவில்லை. அதனாலேயே மரியாதை கூடிப்போயிற்று.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் நலவாழ்வுக் கொள்கை மையம் இயங்கிவந்தது. இயக்குநர் மயில்வாகனம். முதல் நாளே பிரவீனா ஒரு தவறு செய்தாள். "நோயாளிங்கள எப்ப சார் போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

"நோயாளியைப் பார்க்கிறது டாக்டர் வேலைம்மா. நாம நோயைப் பார்க்கிறவங்க. அதுவும் மொத்தமா" என்றார் அவர். பிறகு சுவரிலிருந்த மாவட்டப் படத்தைக் காட்டினார். எங்கு பார்த்தாலும் நோயைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள். தென்னேரிக்கு அப்பால் பூவேரிப்பாக்கம் என்ற சிற்றூர் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஒரு வருஷமா இங்க யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. என்ன காரணம்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க."

பிரவீனா பஸ் பிடித்துப் போனாள். ஊர் சுகாதார நிலையத்தில் பூட்டு தொங்கியது. பூட்டில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வாசல்படியில் நெசவாளர் குமாரவேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் எங்கண்ணே?"

"மாத்தலாயிப் போய் ஒரு வருஷம் ஆவுதும்மா. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. தறியில மிதி மிதிக்க முடியல. காஞ்சிபுரம் போய்க் காட்டிக்கினு வந்தா அன்னிக்குப் பொழப்பு போச்சு. நீயாவது சொல்லி ஒரு டாக்டர அனுப்பும்மா."

பிரவீனா அதைக் குறித்துக்கொண்டாள். மறுநாள் காலை மயில்வாகனத்திடம் போய் உடைத்தே சொன்னாள்: "சார், அங்க நோய் இல்லாததுக்குக் காரணம், டாக்டர் இல்லாததுதான்."

மயில்வாகனம் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷமா இது எனக்குத் தோணாம போச்சே!"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"சொல்லிட்டீங்கம்மா. இதுக்கு மேல யாரும் சொல்ல முடியாது."

அந்த வாரமே 'மருத்துவர் சாராப் பூரண நலத் திட்டம்' மலர்ந்தது. பரிசோதனை முயற்சியாகச் சில ஊர்களிலிருந்து மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஊர்களும் படத்தில் சொல்லிவைத்தாற்போல் வெளுத்தன. பிரவீனா முதுநிலை ஆலோசகர் ஆனாள். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் சாமுவேல் ஆட்டோவின் பின்கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டிவிட்டார்.

பூவேரிப்பாக்கத்தின் புகழ் சென்னைவரை எட்டியது. சனி ஞாயிறுகளில் கார் காராக வந்து இறங்கியவர்கள் வெறுங்காலோடு சேற்றில் நடந்தார்கள். காற்றை வாயால் இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். குமாரவேலின் மனைவி ஏலவார்குழலி 'நச்சுநீக்கும் கூழ்' கடை போட்டாள். சும்மா கிடந்த தறிக்குழியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். அதற்குக் 'குழித்தறித் தியானம்' என்று பெயர்.

ஆனாலும் பிரவீனாவுக்குக் குமாரவேலின் கால் மறக்கவில்லை. யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, லோகேஸ்வரன் என்ற டாக்டரை அந்த ஊருக்குப் போட வைத்தாள். தானே ஜீப்பில் அழைத்துக்கொண்டு போனாள்.

உச்சி வெயில். 'நோயற்ற ஊர் உங்களை வரவேற்கிறது' என்ற போர்டைத் தாண்டியதும் ஊரே வழிமறித்து நின்றது. முன்னால் கம்பூன்றிக்கொண்டு குமாரவேல்.

"டாக்டர் உள்ள வரக் கூடாதும்மா."

"அண்ணே, நீங்கதானே கேட்டீங்க! கால் என்னாச்சு?"

"மெதுவா பேசும்மா, விருந்தாளிங்க இருக்குறாங்க. இவரு வந்து குந்தினா மொத நாளே எனக்குச் சக்கர வியாதின்னு எழுதுவாரு. அப்புறம் ஊர் பேரு என்னாவுறது?"

"நியாயமான கேள்வி மேடம்" என்றார் லோகேஸ்வரன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜீப்பைத் திருப்பச் சொல்லிப் போயே போய்விட்டார்.

பிரவீனா விடவில்லை. வாதாடினாள், கத்தினாள். வெயில் மண்டையில் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏலவார்குழலி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

"ஐயையோ, இங்க மயக்கம் போட்டுடாதம்மா! போர்டு தாண்டிப் போய் விழு. அந்தாண்ட வேற ஊரு."

கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். போர்டுக்கு அந்தப்பக்கம், புளியமரத்தடியில், பூவேரிப்பாக்கத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார்கள். நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். பின்னாலேயே நொண்டிவந்த குமாரவேல் போர்டைத் தாண்டியதும்தான் "யம்மா!" என்று வாய்விட்டு அலறினார்.

போன் அடித்தது. மயில்வாகனம்.

"பிரவீனா, பூவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர்ல திடீர்னு நோய் தாறுமாறா ஏறுதே. அங்க இன்னமும் டாக்டர் இருக்காரா?"

"இருக்காரு சார்."

"அதானே பார்த்தேன்! அவரை உடனே எடுக்கச் சொல்லிப் பரிந்துரை அனுப்புங்க. துணை இயக்குநர் பதவி உங்களுக்குத்தான்."

பிரவீனா வரிசையைப் பார்த்தாள். தலை கிறுகிறுவென்று சுற்றியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு குமாரவேலிடம் கேட்டாள்: "இந்த ஊர் டாக்டர் எப்பண்ணே வருவாரு?"

"மூணு மணிக்கும்மா."

போனிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், நாலு மணிக்கு அனுப்பட்டுமா?"