நிலவறையில் இருந்த இரண்டாவது டாக்குத்தர்

சிவமயம்

நோபல் பார்க்,
மெல்பேண்.
19.8.1976, வியாழக்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய யோகா அக்காவுக்கு,

தங்கை நாகேஸ்வரி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே இவரும் பிள்ளைகள் இருவரும் நானும், குளிர் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் இருமலும் தணிந்து, பிள்ளையார் காவலில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் நீலக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுகை வந்தது. இரண்டாம் தரம் கோபம் வந்தது. மூன்றாம் தரம் வாசித்தபோது யார் உங்களுக்கு மூட்டிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். ஆளை முதற் பக்கத்திலேயே காட்டிவிட்டால் மிச்சத்தை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

வெள்ளி விரதமும் அதுவுமாக நான் ஒரு ஜெர்மன் கிழவியோடு சேர்ந்து கொலைப்படம் பார்த்துத் திரிகிறேன் என்றும், முட்டை போட்ட கேக் தின்று மிச்சத்தைக் கைக்குட்டையில் சுற்றினேன் என்றும், இனிப் போவதில்லை என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணி எழுதாவிட்டால் என்னோடு கதைக்க மாட்டீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அக்கா, படத்துக்குப் போனது உண்மை. கேக்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தேனே தவிர என் வாயில் வைக்கவில்லை. ஏன் போனேன் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் மிஸிஸ் ஹெட்விக். எழுபத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பத்து வருஷம். இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் தெரியாது. இங்கே ஜெர்மன்காரரின் சங்க மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வயதானவர்களுக்காகப் பழைய படம் போடுவார்கள். ஒரு நாள் வேலியடியில் வந்து நின்று, "நாகேஸ்வரி, எனக்குக் காது நல்லாய்க் கேட்கும், கண்தான் தெரியேல்லை. உமக்குக் கண் இருக்கு. வந்து பக்கத்திலை இருந்து என்ன நடக்குதெண்டு மட்டும் சொல்லும்" என்றார். கண் இல்லாதவர் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. என் இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு நானாகப் படித்த இங்கிலீஷ். அவருடையது அதைவிட மோசம். இவரிடம் கேட்டேன். "அந்த மனுசிக்குக் கண் இல்லை, உமக்குப் பாஷை இல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டிக்கெற் எடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் அக்கா, அப்போதுதான் நான் கெட்டுப்போகவில்லை என்பது விளங்கும். எல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தின படங்கள். கதை லண்டனில் நடக்கும், ஆனால் லண்டனில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, பொலிஸ்காரர் முதல் பூக்காரி வரை ஜெர்மன்தான். பனிப்புகார் எப்போதும் முழங்கால் அளவுக்குத்தான் வரும், அதற்கு மேல் ஏறாது. ஒரு பழைய மாளிகை, அதில் புத்தக அலுமாரியைத் தள்ளினால் கதவு. சுவரில் தொங்கும் படத்தின் கண் மட்டும் அசையும். சொத்து வரப்போகிற ஒரு பெட்டை கையில் மெழுகுதிரியோடு தனியே நிலவறைக்கு இறங்குவாள். எல்லாரும் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இறங்குவாள். முக்காடு போட்ட ஒருவன் கையுறையோடு வருவான். போன கிழமை கழுத்து நெரிபட்டுப் போன மனுஷனே இந்தக் கிழமை இன்ஸ்பெக்டராக வந்து நிற்பார், முகத்தில் ஒரு வெட்கம் இராது.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் கந்தசஷ்டிக்குச் சூரன்போர் பார்க்கிறதில்லையா? சூரன் தோற்பான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சூரனைத் தூக்கி ஆட்டுகிறவர்களின் கால் கீழே தெரியும், ஒருவருடைய வேட்டி அவிழ்ந்து அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுவதும் தெரியும். அதற்காக யாராவது வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போனார்களா? தலை மாறி மாறி வரும்போது ஒவ்வொரு தரமும் கால்விரலில் எழும்பி எட்டிப் பார்க்கிறோமே, அதேதான் இங்கேயும். மண்டபத்தில் கிழவர்களெல்லாம் முக்காட்டுக்காரன் வந்தவுடன் ஒன்றாக மூச்சை இழுப்பார்கள், பிறகு ஒன்றாகச் சிரிப்பார்கள், பிறகு கோப்பி குடிப்பார்கள். கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் நான் இதற்கும் ஒரு கணக்கு வைத்தேன். இடப்பக்கம் சந்தேகப்படத் தக்கவர்கள், வலப்பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள். கடைசியில் இடப்பக்கம் மிஞ்சுகிறவன்தான் ஆள். பதினாறு படத்தில் பதினான்கு சரியாக வந்தது. மற்ற இரண்டிலும் செத்தவர் திரும்பி வந்துவிட்டார், அதற்கு நான் பொறுப்பில்லை.

இனி ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வாயில் என்ன சொல் வரக்கூடாது என்று அம்மா எங்களை எப்படி வளர்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அரிசி முடிந்தாலும் முடிந்தது என்று சொல்லக்கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியிருக்க, முதல் படத்தின் மூன்றாவது நிமிஷத்திலேயே ஒருவனை ஆற்றங்கரையில் நெரித்துப் போட்டுவிட்டார்கள். மிஸிஸ் ஹெட்விக் என் கையைப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்கிறார். நான் எப்படி அந்தச் சொல்லைச் சொல்ல? "ஓய்வெடுக்கிறார்" என்றேன். பத்து நிமிஷத்தில் இன்னொருவர் ஓய்வெடுத்தார். அரை மணித்தியாலத்தில் நான்கு பேர். "லண்டனிலை ஏன் எல்லாருக்கும் இவ்வளவு நித்திரை?" என்று கேட்டார். பிறகு பிறகு அவருக்கே பிடிபட்டு, "சும்மா ஓய்வோ, முழு ஓய்வோ?" என்று மட்டும் கேட்பார். முழு ஓய்வு என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

அதோடு நின்றால் பரவாயில்லை. எல்லாப் படத்திலும் ஒரு நடனசாலை வரும். அங்கே பெண்கள் உடுத்தியிருப்பதை, உடுத்தாமல் இருப்பதை, விரத வாயால் எப்படி வர்ணிக்கிறது? கழுத்திலிருந்து கால்வரை மூடியிருக்கிறார்கள், வட்டமாக நின்று கும்மி அடிக்கிறார்கள் என்று சொன்னேன். ஆண்கள் ஏன் விசில் அடிக்கிறார்கள் என்று கேட்டார். தாளம் பிடிக்கிறார்கள் என்றேன். கள்ளர்கள் கண்ணாடிக் கிளாஸில் குடித்ததெல்லாம் தேத்தண்ணி என்றேன். இங்கிலீஷ்காரர் அப்படித்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்க, வைகாசி மாதம் கண் டாக்குத்தர் அவரிடம், இனியும் பிந்தினால் மார்கழி நத்தாருக்குள் வெளிச்சமும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் இரண்டு தரம் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து, இரண்டு தரமும் மிஸிஸ் ஹெட்விக்கே மறித்துவிட்டிருந்தார். காரணம் கேட்டால், "நாகேஸ்வரி, நாங்கள் பார்த்த படத்திலை நல்ல டாக்குத்தர் ஒருத்தரையாவது கண்டனீரோ?" என்பார். யோசித்துப் பார்த்தேன், கொப்பியையும் புரட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. முகமூடி போட்டு, கையுறை போட்டு, விளக்கை மேலே பிடித்துக்கொண்டு வருகிறவன் எவனும் நல்லதுக்கு வந்ததில்லை. மூன்றாம் தரமாக ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள். நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்ன படம் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? மலைமேல் ஒரு கண் ஆஸ்பத்திரி, அக்கா. இடப்பக்கம் பதினொரு பேர்.

நான் அங்கேயே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக ஓய்வெடுத்து, கடைசியில் முக்காட்டை இழுத்து எடுத்தால் பெரிய டாக்குத்தரேதான். இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார். நான் வாயைத் திறக்க முதலே மிஸிஸ் ஹெட்விக்கின் விரல்கள் இறுகின. "டாக்குத்தர் எண்டு சொல்லுறாங்கள். டாக்குத்தரோ?"

பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். இவன் டாக்குத்தர் இல்லை, டாக்குத்தரைப் போல வேஷம் போட்டவன், உண்மையான டாக்குத்தரை இவன் நிலவறையில் கட்டி வைத்திருக்கிறான், இப்போதுதான் பொலிஸார் அவரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வழுக்கைத் தலை, நல்ல சாந்தமான முகம், கொஞ்சம் வண்டி வயிறு, நெற்றியில் ஏதோ வெள்ளையாகப் பூசியிருக்கிறது என்றேன். அவசரத்தில் யாரைச் சொன்னேன் என்பது உங்களுக்கு விளங்கும், தும்பிக்கையை மட்டும் விட்டுவிட்டேன். "ஏன் அவர் ஒண்டும் கதைக்கேல்லை?" என்று கேட்டார். வாயில் துணி கட்டியிருக்கிறது என்றேன். துணியை எடுத்தாச்சோ என்று கேட்டார். எடுத்தாச்சு, ஆனால் களைத்துப்போய் இருக்கிறார் என்றேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அவர் எழும்பவில்லை. "அப்ப ஒரு நல்ல டாக்குத்தர் இருந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நான்தான் டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனேன். என் கையை விடவேயில்லை. பிறகு அந்தக் கண் டாக்குத்தர் உள்ளே வந்தார் அக்கா. தலையில் ஒரு மயிர் இல்லை, வெள்ளைச் சட்டைக்கு முன்னால் கொஞ்சம் வண்டி வயிறு. மிஸிஸ் ஹெட்விக் அந்த மங்கலான உருவத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்களை அவிழ்த்து விட்டிட்டாங்கள்" என்றார். டாக்குத்தர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கண் ஒப்பரேஷன் சுகமாக முடிந்தது. போன கிழமை தடித்த கண்ணாடி கிடைத்து, முதல் தரமாக என் முகத்தைப் பார்த்து, நான் நினைத்ததைவிட நீர் சின்ன ஆள் என்றார்.

ஆகவே எனக்கு அங்கே இனி வேலை இல்லை. ஆனி மாதத்துக்குப் பிறகு நான் போகவுமில்லை. செய்தது கண் இல்லாதவருக்கு ஒரு தொண்டு, அதில் எனக்கென்று ஆசை ஒன்றும் இருந்ததில்லை. இனிப் போவதில்லை என்று சத்தியம் பண்ணுகிறேன். நாளைக்கு விளக்கேற்றும்போது கற்பூரம் கொளுத்தி அதை முறைப்படி செய்துவிட்டு, கடிதத்தைத் தபாலில் போடுகிறேன்.

இனி நான் சொன்ன அந்த ஆள். கேக்கைக் கைக்குட்டையில் சுற்றியது, கைக்குட்டையில் மயில் தைத்திருந்தது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். மயிலை நான் மடியில்தான் வைத்திருந்தேன். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நேர் பின் வரிசையில் இருந்து எட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் வெள்ளி மத்தியானத்தில் "தையல் வகுப்புக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் விக்னராஜாவின் மனைவி சந்திரகலா ஒருத்திதான். அவருடைய மாமியார் இருப்பது உங்கள் வீட்டு ஒழுங்கையில். கணக்குச் சரி. நேற்று அவரை வழியில் கண்டு, அந்த ஆஸ்பத்திரிப் படத்தில் பெரிய டாக்குத்தர்தான் ஆள் என்று முதலே பிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "இல்லை அக்கா, நான் தாதியெண்டெல்லோ நினைச்சனான்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினார். அவரை ஒன்றும் ஏச வேண்டாம்.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்குத் தலை தடவி ஆசீர்வாதம். மழை தொடங்க முன் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் இந்தக் கடிதத்தோடு ஆறி, எல்லாருக்கும் நன்மையே வரட்டும்.

உங்கள் பாதம் பணியும் தங்கை,
நாகேஸ்வரி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. மிஸிஸ் ஹெட்விக் கோட்டும் தொப்பியுமாக என் குசினிக் கதிரையில் இருக்கிறார். போன வெள்ளி தனியே போய், படம் போடுகிறவரிடம் கேட்டு அந்த ஆஸ்பத்திரிப் படத்தைத் திரும்பப் போடுவித்துப் பார்த்தாராம். நிலவறையில் ஒருவரும் இல்லையாம். பெண்களுக்குக் கும்மியும் தெரியாதாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "அது சரியான மோசமான படம், நாகேஸ்வரி. அதிலை ஆக்கள் சும்மா செத்துப் போறாங்கள். உம்மடை படத்திலைதான் ஓய்வு, தேத்தண்ணி, நல்ல டாக்குத்தர் எல்லாம் இருந்தது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம், நான் சொன்னால் போதுமாம். இன்று ஒரு கலங்கரை விளக்கம், இரட்டைச் சகோதரர், விஷம் தடவிய பியானோ. சத்தியம் பண்ணத்தான் காலையில் கற்பூரப் பெட்டியைத் திறந்தேன். நிறைஞ்சிருக்கு, அக்கா. வெள்ளிக்கிழமையில் வேறு மாதிரிச் சொல்லக்கூடாது. அங்கேயிருந்து ஒரு பெட்டி அனுப்பிவையுங்கள். விமானத் தபால் வேண்டாம், கப்பலில் வந்தால் போதும்.