சுடுதண்ணியரின் இரண்டாவது விசிறி

அறுபதுகளின் தொடக்கத்தில் வன்னியில் ஓடிய வாடகைக் கார்கள் எல்லாம் பெற்றோலில் ஓடின. சுடுதண்ணியருடைய கார் மட்டும் தண்ணீரில் ஓடியது.

பட்டணத்து வாசகர்கள் இதை விஞ்ஞான அற்புதம் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரூற்றிலிருந்து வவுனியாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் காரின் ரேடியேற்றர் குறைந்தது ஐந்து முறை கொதிக்கும். ஒவ்வொரு முறையும் அவர் காரை ஓரங்கட்டி, சாக்கால் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வாளியோடு காட்டுக்குள் இறங்குவார். வழியிலுள்ள குளம், கிணறு, வாய்க்கால் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒட்டுசுட்டான் தண்ணீர் என்ஜினுக்கு ஒத்துக்கொள்ளும் என்றும், நெடுங்கேணித் தண்ணீர் கொஞ்சம் கனதி என்றும் வைத்தியர் போலச் சொல்லுவார். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் சுடுதண்ணியர்.

நான் அப்போது முல்லைத்தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். தண்ணீரூற்றில் எடுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேரே ஒரு புளியமரம். அதன் கீழே அந்தக் கார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அவர் என்னைத் தன் வாகனத்தின் ஆலோசகராக நியமித்திருந்தார். நான் அதற்கு விண்ணப்பித்த ஞாபகம் இல்லை.

அந்தக் கார் முன்பு நுவரெலியாவில் ஒரு தோட்டத்துரையிடம் இருந்தது. மலைக்குளிருக்காக, என்ஜினின் சூட்டைக் காருக்குள்ளே ஊதிவிடும் ஒரு பெட்டி அதில் பொருத்தியிருந்தார்கள். துரை சீமைக்குப் போனார். கார் பல கைகள் மாறி வன்னிக்கு வந்தது. சூட்டுப்பெட்டியும் கூடவே வந்தது. வேறு யாராவது என்றால் முதல் நாளே அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். சுடுதண்ணியர் ஒரு வாரம் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். பெட்டியை இயக்கிவிட்டால் என்ஜினின் சூடு ஆட்களின் பக்கம் வந்துவிடுகிறது, சூடு காட்டும் ஊசி இறங்குகிறது, என்ஜின் பிழைக்கிறது.

ஆகவே பங்குனி வெயிலில், மணல் பாதையில், ஊசி ஏறத் தொடங்கியதும் அவர் பெட்டியை இயக்கிவிடுவார். பின்னால் இருப்பவர்கள் அவியத் தொடங்குவார்கள். நான் ஒருமுறை முறையிட்டபோது அவர் கோபப்படவில்லை.

"என்ஜினுக்கு வாய் இல்லைத் தம்பி. உங்களுக்கு வெக்கையெண்டால் சொல்லுவியள். அது சொல்லாமலே செத்துப்போம்."

இந்தத் தத்துவத்தைப் பலர் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காதவள் றீற்றா அக்கா. முள்ளிவாய்க்காலில் கருவாடு காயவைத்து வவுனியாச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். ஒருநாள் அவளும் நானும் நான்கு கட்டுக் கருவாடும் காரில் இருந்தோம். நெடுங்கேணியைத் தாண்டியதும் பெட்டி அனலை ஊதியது. வெயிலில் ஏற்கனவே காய்ந்த கருவாடு அன்று இரண்டாம் முறை காய்ந்தது. அந்த மணத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறேன். வவுனியாவில் இறங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்:

"அண்ணை, உயிரோடை இருக்குமட்டும் இனி உங்கடை காரிலை ஏறமாட்டன்."

மீன்காரர்கள் முழுப்பேரும் அவள் பேச்சைக் கேட்டார்கள். புளியமரத்தடியில் கார் சும்மா நிற்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் சுடுதண்ணியர் என் ஜன்னலைத் தட்டி, காருக்கு இரண்டாவது விசிறி ஒன்று பூட்டப்போவதாக அறிவித்தார். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் விசிறி, கார் மெதுவாகப் போகும்போது தானும் மெதுவாகச் சுற்றுகிறது. மணலில்தான் கார் மெதுவாகப் போகிறது. மணலில்தான் அது கொதிக்கிறது. ரேடியேற்றருக்கு முன்னால் மின்சாரத்தில் சுற்றும் விசிறி ஒன்று இருந்தால், கார் நின்றாலும் அது ஊதிக்கொண்டிருக்கும். அதற்கு மோட்டர் எங்கே என்று கேட்டேன். சூட்டுப்பெட்டியைக் காட்டினார். இதுவரை எங்களை அவித்த மோட்டர் இனி என்ஜினைக் குளிர்விக்கும். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. அவருடைய யோசனைகளில் எப்போதும் பிழை இருப்பதில்லை; அவற்றைச் செய்து முடிப்பதில்தான் இருக்கும்.

மோட்டரைக் கழற்றினார். பிஸ்கற் தகரத்தில் நான்கு இதழ் வெட்டி அதற்குப் பூட்டினார். இரும்புப் பட்டியால் ரேடியேற்றருக்கு முன்னால் கட்டினார். பற்றரியில் வயரைத் தொடுத்ததும் அது மிக அழகாகச் சுற்றியது. காற்று வருகிறதா என்று பார்க்க அவர் ஒரு பழைய பத்திரிகைத் தாளை முன்னால் பிடித்தார். தாள் ரேடியேற்றரில் ஒட்டுவதற்குப் பதிலாகப் பறந்து வந்து என் முகத்தில் ஒட்டியது. விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, ரேடியேற்றர் வெளியே மூச்சு விடுகிறது, அதுவும் நல்லதுதான் என்றார். ஆளில்லாமல், சோதனைக்கென்று இரண்டு நாள் அப்படியே ஓடினார். வழக்கமாக ஐந்து முறை கொதிப்பது எட்டு முறை கொதித்தது. நான் எங்கேயோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பிடித்து வாசித்து, இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டர் மறுபக்கம் சுற்றும் என்று சொன்னேன். அது தனக்கு முன்பே தெரியும் என்றும், எனக்குத் தெரியுமா என்று பார்த்ததாகவும் சொன்னார்.

அடுத்தது மின்சாரம் எடுக்கும் பிரச்சினை. நேரே பற்றரியில் கொடுத்தால் விசிறி ஓயாமல் சுற்றி, விடிந்ததும் காரைத் தள்ளவேண்டியிருந்தது. வேண்டும்போது மட்டும் சுற்ற ஒரு வழி தேவை. ரேடியேற்றருக்குப் பக்கத்திலேயே ஹோர்ன் இருந்தது. ஹோர்னுக்கு ஒரு வயர் வந்தது. அழுத்தினால் மட்டும் அதில் மின்சாரம் வரும். கையெட்டும் தூரத்தில் வயர் இருக்கும்போது வேறெங்கிருந்து இழுப்பது என்று அதிலேயே விசிறியைத் தொடுத்துவிட்டார். அதன்பிறகு என்ஜின் குளிரவேண்டுமானால் ஹோர்ன் அடிக்கவேண்டும். என்ஜின் எப்போதுமே குளிரவேண்டியிருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிவரை விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனோம். மாடுகள் காட்டுக்குள் ஓடின. கல்யாண ஊர்வலம் என்று நினைத்துச் சனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு பொலிஸ்காரர் மறித்து, வெறும் ரோட்டில் எதற்கு ஹோர்ன் அடிக்கிறீர் என்று கேட்டார்.

"வெக்கையாய்க் கிடக்கு, ஐயா," என்றார் சுடுதண்ணியர்.

பொலிஸ்காரர் அவரை இறக்கி, வாயை ஊதச் சொல்லி, சாராயம் மணக்கிறதா என்று பார்த்தார்.

கடைசியில் பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, ஒரு பியூஸ் வைத்து, வீட்டுச் சுவரில் பூட்டும் விளக்குச் சுவிச் ஒன்றை ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு பலகையில் அடித்தார். சுவிச் சிறியது, மோட்டர் பெரியது, தாங்காது என்று புத்தகத்தில் இருப்பதாகச் சொன்னேன். புத்தகம் எழுதினவன் முல்லைத்தீவுக்கு வந்திருக்கமாட்டான் என்று பதில் வந்தது. விசிறி வேலை செய்தது. சுடுதண்ணியர் காரைக் கழுவித் துடைத்துப் புளியமரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. நான் லீவு போட்டு அறையில் இருந்தேன். நண்பகல் வெயிலில், ஒருவருடைய சைக்கிளின் பாரில் இருந்தபடி றீற்றா அக்கா வந்து இறங்கினாள். அவளுடைய புருஷன் மனுவல் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் வயிற்றுவலியோடு கிடந்தான். குடல்வால் வீங்கிவிட்டது, உடனே வவுனியாவுக்குக் கொண்டுபோய் வெட்டவேண்டும் என்று டொக்டர் கடிதம் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி வண்டி இன்னொரு நோயாளியோடு போய்விட்டது. மற்ற இரண்டு வாடகைக் கார்களும் மாங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. அவள் காரைப் பார்த்தாள். பிறகு சுடுதண்ணியரைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மனுவலைப் பின்சீற்றில் கிடத்தினோம். தலை என் மடியில். கடலில் பாயிழுத்துக் காய்த்த கை அது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்தது. ஒரு முனகல்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒட்டுசுட்டான்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொதிக்கவில்லை. சுடுதண்ணியர் பெருமைப்படாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். நெடுங்கேணிக்குக் கிட்ட, மணல் பகுதியில், றப்பர் எரியும் மணம் வந்தது. சுவிச் மெழுகு போல உருகி வழிந்துகொண்டிருந்தது. அவர் காரை நிறுத்தி அதைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு வயர் நுனிகள் மட்டும் மிஞ்சின. அவற்றை முறுக்கிவிடச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். ஓயாமல் சுற்றினால் பற்றரி இறங்கிவிடும். நடுக்காட்டில் கார் நின்றால் தள்ளுவதற்கு நாங்கள் இரண்டு பேர்தான். ஊசி ஏறும்போது தொடுக்கவேண்டும், இறங்கும்போது விடவேண்டும். அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

றீற்றா அக்கா கையை நீட்டினாள்.

"எப்பிடிப் பிடிக்கிறதெண்டு சொல்லுங்கோ அண்ணை."

"மின்சாரம் அடிக்காது தங்கச்சி. ஆனால் சுடும்."

"சுடட்டும்."

ஒரு கையால் வயர் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தாள், மறுகையில் செபமாலை. ஊசி ஏறியதும் தொடுத்தாள். நுனியில் பொறி பறக்கும். முன்னால் விசிறி இரையும். ஊசி இறங்கியதும் விட்டாள். இடையில் ஒருதடவை திரும்பி மனுவலைப் பார்ப்பாள். புளியங்குளம் தாண்டியது. ஓமந்தை தாண்டியது. சேலைத் தலைப்பை மடித்துப் பிடிக்கச் சொன்னேன். துணிக்கு மேலால் பிடித்தால் நுனி வழுக்குகிறது என்று வெறும் விரலாலேயே பிடித்தாள். அவ்வளவு தூரத்துக்கும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது தொடுக்க "இப்ப", விட "காணும்" என்ற இரண்டு சொற்கள்தான்.

மூன்றரை மணிக்கு வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. அந்தக் கார் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒருமுறைகூடக் கொதிக்காமல் வந்திருந்தது. அதைக் கவனிக்க எங்களில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. மனுவலைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வெடித்திருக்கும், இனிப் பயமில்லை என்றார். அதுவரை நின்ற றீற்றா அக்கா அப்போதுதான் சுவரோர மர வாங்கில் இருந்தாள். அவளுடைய வலதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்பளித்து வெள்ளையாக இருந்தன. ஒரு நேர்ஸ் கண்டு, மருந்து பூசிக் கட்டிவிட்டாள். எப்படிச் சுட்டது என்று கேட்டதற்கு, அடுப்பு என்று சொன்னாள்.

சுடுதண்ணியர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போனார். காரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணியோடு வந்தார். கட்டுப்போட்ட கையால் அவளால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அவர் வாங்கின் முன்னால் குந்தியிருந்து, ஊதி ஊதி ஆற்றி, கோப்பையை அவள் வாயருகே பிடித்தார். அவள் குடித்து முடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சுவிச் பிழை என்ரை பிழை தங்கச்சி," என்றார் கடைசியில். "இந்தத் தம்பி சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

நான் அந்த ஊரில் இருந்த மூன்று வருடத்தில், தன் பிழை என்று அவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. நல்ல சுவிச்சுகள் எல்லாம் கொழும்பில்தான் கிடைக்கும் என்று புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

மனுவலுக்கு மயக்கம் தெளியும்வரை தான் நிற்கப்போவதாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, பின்னேர பஸ் இன்னும் போகவில்லை, நாளைக்குக் கந்தோர் இருக்குமெல்லோ, நீங்கள் வெளிக்கிடுங்கோ தம்பி என்றார். நாளைக்கும் எனக்கு லீவுதான் என்று பொய் சொல்லிவிட்டு, வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.