படிக்காமலே அமுக்குபவர்

நம்மிடையே ஒரு வகை மனிதர்கள் உண்டு. கணினித் திரையில் பிழைச் செய்தி எழுந்தால் போதும், கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்த விற்பனைக்காரரை விரட்டுவதுபோல, அதை ஒரு வார்த்தை பேசவிடாமல் 'ஓகே'யை அமுக்கி வெளியே தள்ளிவிடுவார்கள். படிப்பதா? ரிப்பேருக்கு வந்தவர் உட்கார்ந்து படித்தால் கௌரவம் என்னாவது!

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் சிவசங்கர் இந்த வகையில் முதல் வரிசைக்காரர். அங்குள்ள எடை நிரல் யூனிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. அது விண்டோஸில் ஓடவேண்டுமே என்று இரண்டுக்கும் நடுவே சமரசம் பேச ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். அன்று காலை நிரலைத் திறந்தால் 'சாக்கெட் எரர்' என்று ஆரம்பித்து இரண்டு வரி வந்தது. சிவசங்கருக்கு அந்த ஆரம்பமே போதும். ஓகே.

கல்வராயன் மலையிலிருந்து டிராக்டர் நிறைய மரவள்ளிக் கிழங்கோடு வந்திருந்த காசிநாதன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா சார், எடை போடுவீங்களா மாட்டீங்களா? கெழங்கு வெயில்ல காஞ்சிக்கினு கெடக்குது. எடை கம்மியாய்டும் சார்."

"தோ, அஞ்சே நிமிசங்க."

அந்த ஐந்து நிமிடத்தில் சிவசங்கர் வைரஸ் தடுப்பை நிறுத்தினார், ஃபயர்வாலை அணைத்தார், சமரச மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார், கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினார், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரைப் போனில் காய்ச்சி எடுத்தார், நான்கு முறை ரீஸ்டார்ட் செய்தார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரி. ஒவ்வொரு முறையும் ஓகே. மணி பன்னிரண்டாகிவிட்டது. காசிநாதனின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஐந்தாவது முறை, எடைச்சீட்டு போடும் கோகிலவாணி குறுக்கே கையை நீட்டினாள்.

"சார், அமுக்காதீங்க. இன்னா எழுதிக்கீதுன்னு பாப்போம்." படித்தாள். "இந்த எடத்துல ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கினு இருக்குதாம் சார்."

சிவசங்கருக்குச் சுருக்கென்றது. கணினியைப் போட்டதும் எடை நிரல் தானாகவே ஓடட்டும் என்று முந்தின நாள் ஏற்பாடு செய்தவர் அவரேதான். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது முதலில் எழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்ள, இவர் இரண்டாவது ஒன்றைத் திறந்து சண்டை மூட்டிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததைக் கோகிலவாணி நிறுத்தினாள். எடை விழுந்தது. காலையில் காசிநாதன் மலை அடிவாரத்து எடைமேடையில் போட்டுப் பார்த்ததைவிட நாற்பது கிலோ குறைவு. காசிநாதன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"பாத்தியாம்மா, செரியாய்டும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் சிவசங்கர்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். இன்று காலை உங்கள் செல்போனில் ஒரு பெட்டி குதித்ததே, கட்டைவிரலால் 'சம்மதம்' என்று தட்டி அனுப்பினீர்களே. எதற்குச் சம்மதித்தீர்கள்?