மெல்போர்ன் எம்புட்டு தூரம்?

மூன்று மாதச் சுதந்திரத்தை எப்படியாவது வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன். சிவகாசியில் காலண்டர் அடித்துப் பிழைக்கும் தங்கப்பாண்டியன் ஆகிய நான்தான்.

மெல்போர்னில் இருக்கும் எங்கள் மகள் கீர்த்திகா மறுபடி வேலைக்குப் போகப்போகிறாள். ஒரு வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு யாராவது வரவேண்டும் என்றாள். யாராவது என்றால் என் மனைவி லட்சுமிகாந்தம்தானே? எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் தட்டுக்குக் காவல் அவள்தான். அவள் விமானம் ஏறிவிட்டால், எனக்கும் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும் குறுக்கே ஒரு ஈ காக்காய் இருக்காது. ஆனால் ஒரு வாரமாக அவள் ஒரே பாட்டுப் பாடினாள்.

"அம்புட்டு தூரம் என்னால ஆகாதுங்க."

அன்று காலை பிரஸ்ஸுக்குக் கிளம்பும்முன் ஆரம்பித்தேன்.

"தூரம்னு யாரு சொன்னா? மதுரையில ஏறினா சிங்கப்பூர்ல ஒரு காபி. அங்கன மாறி ஏறி ஒரு தூக்கம் போட்டா மெல்போர்ன். இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போக இதைவிட நேரமாகும்."

"காலு வீங்கிப்போகும்னாகளே?"

"உள்ளேயே நடக்கலாம். சோறும் இருக்கிற எடத்துக்கே வரும். நேரம் போறதே தெரியாது."

"மெல்போர்ன்னுதானே பேரு? மெல்லத்தான் போகும்போல."

"ராக்கெட்டு மாதிரி போகும்! நம்ம ஊரு ராக்கெட்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். இது போகவேண்டிய எடத்துக்கே போகும்."

"நான் போயிட்டா உங்களுக்குச் சோறு?"

"ரசம் வைப்பேன், இட்லி அவிப்பேன். எனக்குத் தெரியாததா?"

"பிரஸ்ஸு?"

"சீசன்தான் முடிஞ்சுபோச்சே. மூணு மாசம் ஈ ஓட்டணும்."

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அம்புட்டு பக்கம். சமைக்கவும் தெரியும். இங்கன வேலையும் இல்ல. அப்ப நீங்களே போயிட்டு வாங்களேன்."

என் நெஞ்சுக்குள் சரவெடி வெடித்தது.

"நானா? பாதி நாளு ஆகாயத்துலயே உக்காரணும்! சிங்கப்பூர்ல எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கணுமோ! முட்டிய நீட்ட எடம் கெடையாது. கீழ பாத்தா பூராவும் கடலு..."

"ஏங்க, ஒரு நிமிசத்துல மெல்போர்ன் எம்புட்டு தூரம் தள்ளிப்போயிருச்சு!"

சொன்ன கையோடு ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, உங்கப்பா வாராக. அவுகளா ஆசப்பட்டு!"

"நெசமாவாப்பா?" என்று கீர்த்திகா கூவினாள். பேத்தி வேறு பின்னாலிருந்து "தாத்தா" மாதிரி என்னவோ சொன்னாள். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"ஆமாத்தா, வாரேன்."

"அப்பாடா! டிக்கெட்டு போன வாரமே உங்க பேருல எடுத்தாச்சுப்பா. நீங்களா வாயத் தொறந்து வாரேன்னு சொல்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு அம்மாதான் சொல்லியிருந்தாக!"