விழத் தெரியாத அணிலும் குதி சிஸ்டரும்

கம்ப்யூட்டர் விளையாட்டின் மீது அத்தனை கோபம் கொண்ட மனுஷியை விருதுநகர் மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியாது. விளையாடி விளையாடிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற கோபம் அல்ல அது. விளையாட்டு கெட்டுப்போய்விட்டதே என்ற கோபம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியிலும் சரி, சிவகாசியில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலும் சரி, அவர் குதி சிஸ்டர்தான். காரியாபட்டிக்காரர். ஐம்பதைத் தொட்ட வயது. தீக்காயம் ஆறியவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் பிரிவில் நர்ஸ். நான் காலண்டர் அச்சகம் ஒன்றில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய அறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பி, தன் மகனுக்காக டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறார். மகன் செல்போனை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. பெட்டி அத்தையிடம் வந்து சேர்ந்தது. கூடவே வந்த சிடியில் ஒரு முயல் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடும். பட்டனைத் தட்டினால் குட்டிக் குதி, அழுத்திப் பிடித்தால் நெட்டைக் குதி. கணக்குத் தப்பினால் பாதாளம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அந்த முயல் நூறு தடவை செத்தது. நூற்றியோராவது தடவை தாண்டியபோது, விடுதி வார்டன் உட்பட எல்லோருக்கும் சிஸ்டர் கையால் கடலை மிட்டாய்.

பிறகு அவர் ஆசை ஆசையாக ஒரு புது சிடி வாங்கினார். அதில் ஒரு அணில். அட்டைப்படத்தில் மலையெல்லாம் தாண்டியது. டிவியில் போட்டதும் அது பாட்டுக்குத் தானே ஓடியது. பள்ளம் வந்தால் தானே குதித்தது. சிஸ்டர் வேண்டுமென்றே பட்டனை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பலூன் ஒன்று வந்து அணிலைத் தூக்கி அக்கரையில் இறக்கிவிட்டது. திரை முழுக்கத் தங்கக் காசு மழை. ‘அபாரம்!’ என்று ஒரு குரல்.

“யாரு அபாரம்? நான் கையக் கட்டிக்கிட்டுல்ல உக்காந்திருக்கேன்!” என்றார் சிஸ்டர்.

அடுத்த நிமிஷம் ஒரு சக்கரம் சுற்றியது. ‘இன்றைய பரிசு’ என்றது. நாளைக்கும் வரச் சொன்னது. கடைசியில், ஆட்டத்துக்கு இத்தனை என்று கொடுத்த இதயம் தீர்ந்துவிட்டது, இருபது நிமிஷம் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

“ஏ புள்ள, இது செல்போன் விளையாட்டுல்ல! பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு வெரலால தடவுற சாமானத் தூக்கி இம்புட்டுப் பெரிய பெட்டிக்குள்ள போட்டு வித்துருக்கான். பந்தியில உக்கார வச்சு, இலையப் போட்டு, பஞ்சு மிட்டாய் பரிமாறுனாப்புல இருக்கு.”

அன்றே என்னை உட்காரவைத்து அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அணிலுக்குக் கால் இல்லை’ என்று தொடங்கி, ‘விழத் தெரியாத பிராணிக்குக் குதிக்கவும் தெரியாது’ என்று முடியும் கடிதம். நான் ஆங்கிலத்தில் மாற்றி மெயிலில் அனுப்பினேன். மறுநொடியே பதில் வந்தது: ‘உங்கள் அன்புக்கு நன்றி! எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்!’

சிஸ்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “வையிறோம்னு கூடத் தெரியாம நன்றிங்குறான் பாரு.”

அதற்குப் பிறகு சிடி வாங்குவதில் அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். விருதுநகர் பஜாரில் ஒரு கடையில், வாங்கும் முன் போட்டுப் பார்க்க டிவி வைத்திருந்தார்கள். சிஸ்டர் போவார், விளையாட்டைப் போடச் சொல்வார், முதல் பள்ளம் வரும்வரை நடத்திக்கொண்டு போய், குதிக்காமல் நேரே உள்ளே விடுவார். விழவில்லை என்றால் சிடி திரும்ப அலமாரிக்கு.

கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். “சிஸ்டர், எல்லாரும் ஜெயிக்கிறானான்னு பாத்து வாங்குறாக. நீங்க ஒருத்தர்தான் சாகுறானான்னு பாத்து வாங்குறீக.”

குட்டிக் குதிக்கும் நெட்டைக் குதிக்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போச்சு, அந்த இடத்திலேயே குதித்துக் காட்டிவிடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துக் கம்பெனிப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். “என்ன சிஸ்டர், எலியா?” என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு எட்டுப் பின்னால் குதித்தார்.

இந்த வேடிக்கையெல்லாம் பேச்சியம்மாள் வரும்வரைதான்.

பேச்சியம்மாளுக்கு ஊர் ஆனைக்குட்டம் பக்கம். பட்டாசு வேலையில் வலது கை வெந்துபோய், தோல் வைத்துத் தைத்து, புண் ஆறியிருந்தது. ஆனால் விரல்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் விரலுக்கு வேலை கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சியம்மாளோ முந்தானைக்குள் ஒளித்துவைத்த கையை வெளியே எடுப்பதாக இல்லை. அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

பந்து போனால் என்ன, பெட்டி இருக்கிறதே என்று சிஸ்டருக்குத் தோன்றியது. பட்டன்கள் உள்ள கன்ட்ரோலரைப் பிடிக்க ஐந்து விரலும் வளைய வேண்டும். டாக்டரிடம் அனுமதி வாங்கி, பயிற்சி அறை டிவியில் பெட்டியை மாட்டினார். ஆகாத நேரம், முயல் சிடி கீறல் விழுந்து ஓடவில்லை. கையில் இருந்தது அணில் ஒன்றுதான். டிவியில் ஒயர் மாட்ட நானும் போயிருந்தேன்.

பேச்சியம்மாள் கன்ட்ரோலரை மடியில் போட்டு, மணிக்கட்டால் ஒரு இடி இடித்தார். அணில் மூன்று பள்ளம் தாண்டியது. காசு மழை பெய்தது. ‘அபாரம்! அபாரம்!’

பேச்சியம்மாள் திரையைப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரைப் பார்த்தார்.

“ஏன் சிஸ்டர், வெரல மடக்கவே இல்ல, அபாரங்குது. இங்கன பாக்க வாரவுக பூராவும் இப்படித்தான் சொல்றாக. நல்லாருக்கு, நல்லாருக்குன்னு. எங் கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பொய் சொல்றதுக்கு இப்ப ஒரு பெட்டி வேறயா?”

கை மறுபடி முந்தானைக்குள் போய்விட்டது.

சிஸ்டர் பெட்டியை அணைத்தார். அவர் கோபப்பட்டு எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினார். கடையில் பதினோரு சிடி போட்டுப் பார்த்தோம். கரடி விழவில்லை. தவளையை ஒரு குடை வந்து தாங்கியது. ஒரு குரங்கைக் கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுத்தது. சிஸ்டரின் முகம் இருண்டுகொண்டே போனது. கடைக்காரருக்கே பொறுக்காமல், மேஜைக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார்.

“இது யாரோ நாலு பேரு சேந்து சின்னதாப் பண்ணுனது சிஸ்டர். வாங்குன ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாக. ரொம்பக் கஷ்டமாம்.”

ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு பாறை, ஒரு பள்ளம். சிஸ்டர் நேரே உள்ளே விட்டார். ஆட்டுக்குட்டி கல்லு மாதிரி விழுந்தது.

“விழுந்துட்டான்!” என்று கத்திக்கொண்டே சிஸ்டர் கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். தெருவில் போனவர்கள் யாரோ நிஜமாகவே விழுந்துவிட்டார் என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் மணிக்கட்டால் இடித்தார். ஆடு செத்தது. மறுபடி இடித்தார், மறுபடி செத்தது. திரையில் ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. சிஸ்டரும் வாயைத் திறக்கவில்லை.

“எளவெடுத்த ஆடு! கொஞ்சம் எட்டித் தாண்டுனா என்ன?” என்றார் பேச்சியம்மாள்.

“பட்டன அமுக்கிப் பிடிச்சாத்தான் எட்டித் தாண்டும் ஆத்தா. கட்ட வெரல் அங்கன இருக்கணும். மத்த வெரலு பூராவும் அடியில பிடிக்கணும். வலிக்கும்.”

“வலிக்கட்டும். இந்த மூதிய விடக்கூடாது.”

முந்தானையிலிருந்து கை வெளியே வந்தது.

தினமும் டாக்டர் சொன்ன இருபது நிமிஷம்தான். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திவிடுவார். பேச்சியம்மாள் சண்டை போடுவார். இரண்டாவது வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டாக்டர் வரும்போது நாடி பிடிக்கும் முன் “ஆடு இருக்கா, போயிருச்சா?” என்றுதான் கேட்டார். ஐந்தாவது வாரம் நான் அச்சகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தபோது அது நடந்தது. வளையாத சுட்டுவிரல் வளைந்து கன்ட்ரோலரை அணைத்துப் பிடிக்க, கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே பட்டனை விடாமல் அழுத்த, ஆட்டுக்குட்டி அந்தப் பெரிய பள்ளத்தைத் தாண்டி அக்கரைப் பாறையில் நாலு காலையும் ஊன்றி நின்றது.

காசு கொட்டவில்லை. மேளம் அடிக்கவில்லை. ஆடு காதை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த பாறையைப் பார்த்தது.

“ஒரு வார்த்த சொல்லுதா பாருங்க சிஸ்டர்!” என்றார் பேச்சியம்மாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவருக்கு.

“அதுக்குத்தான நான் இருக்கேன். நல்லாருக்கு பேச்சி. கை நல்லாருக்கு. இப்பச் சொல்லலாம்ல?” என்றார் சிஸ்டர்.

பேச்சியம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ம், சொல்லலாம்” என்றார்.

இப்போது அவர் தானே தலை பின்னிக்கொள்கிறார். எல்லா விரலும் முழுதாக மடங்கவில்லை. வாரம் ஒருநாள் வந்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டை எப்படித் தாண்ட வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். ஆட்டுக்குட்டி செய்த நாலு பேருக்கும் சிஸ்டர் ஒரு கடிதம் போட்டாராம். அவர்கள் மனுஷத்தனமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த விளையாட்டை, கை சரியில்லாதவர்களும் விளையாட ஏற்றமாதிரி செய்கிறார்களாம். “ஆனா விழுகிறது விழுகிறதுதான்னு எழுதிருக்காக புள்ள!” என்று குதூகலமாகச் சொன்னார்.

நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிஸ்டர் போன் செய்து, அந்த வாரம் பார்த்த விளையாட்டை ஒரு மணி நேரம் வைவார். நான் போனை அடுப்பு மேடையில் சாய்த்துவைத்துச் சமைத்துக்கொண்டே கேட்பேன். போன வாரம் என் வீட்டுக்காரர் யாரது என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். எனக்கு அக்கா கிடையாது என்று அவருக்குத் தெரியும். அவர் கேஸைக் குறைத்துவிட்டு, எனக்கு நன்றாகக் கேட்கும்படி போனைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.